துரைக்கு நாலு காவல்

மாணிக்கவாசகத்தின் பாத்திரக்கடையில் ஒரு கரண்டிகூடத் திருட்டுப் போனதில்லை. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் இதை அவர் வாயால் கேட்காதவர்கள் குறைவு. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வழி கேட்டவர்களிடம்கூட, வழியைச் சொல்லிவிட்டு இதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அதற்கு அவர் கையாண்ட முறை சிக்கலானதல்ல. புதிதாக ஒரு ஆள் வேலைக்குச் சேர்ந்தால், சில நாள் கழித்து அவனைப் பின்கட்டுக்குக் கூப்பிடுவார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன்னை நம்பிச் சொல்லுதேன். அந்தத் தங்கவேலு மேல ஒரு கண்ணு வையி. ஆளு எனக்குச் சரியாப் படலை" என்பார். தங்கவேலுவை ஏற்கெனவே வேறொருவன் மேல் கண் வைக்கச் சொல்லியிருப்பார். அந்த வேறொருவனுக்கும் ஒரு வேறொருவன் உண்டு. இப்படி எல்லோரும் முதலாளியின் ஒரே நம்பிக்கைக்குரிய ஆள் என்ற பெருமிதத்தோடு நடமாடினார்கள். கடை சாத்தும் நேரத்தில் சுக்குக் காப்பி குடிக்கிற சாக்கில் ஒவ்வொருவராகக் கல்லாவுக்கு அருகில் வந்து அன்றைய செய்தியை ஓதிவிட்டுப் போவார்கள்.

முறையில் ஒரு சிறு குறை இருந்தது. பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்க வந்த பெண் கடை நடுவில் நின்றுகொண்டே இருப்பாள். ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் நின்று இன்னொருவனுடைய கையை உற்றுக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். அவள் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். ஜனங்களுக்கு நல்ல சரக்கை மதிக்கத் தெரியவில்லை என்று மாணிக்கவாசகம் முடிவு செய்திருந்தார்.

மனித சுபாவத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர்கள் கடைசி அத்தியாயத்தில்கூடத் தயங்கி நிற்கிற இடத்துக்கு அவர் படிக்காமலே வந்து சேர்ந்திருந்தார். எவனும் திருடுவான், பார்க்க ஒரு ஆள் இருந்தால் திருடமாட்டான். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மெட்ராசுக்கு வந்து, கடை பிடித்து, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார். அதற்கு மேல் ஒரு வாக்கியம் தேவைப்படும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் நம்பிய ஒரே ஸ்தாபனம் சர்க்கார். அதனால்தான் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த சுந்தரவல்லியைக் கட்டிக்கொண்டார். கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காரும்போது, இலை போடுவதற்குள், "நம்ம வீட்ல கவர்மெண்டு உத்தியோகம்" என்று பக்கத்து இலைக்காரரிடம் தெரிவித்துவிடுவார். அது கார்ப்பரேஷன் உத்தியோகம், கவர்மெண்டு அல்ல என்று ஒருமுறை சுந்தரவல்லி திருத்தினாள். "ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி. ரெண்டுலயும் வேலையை விட்டுத் தூக்க முடியாது" என்றுவிட்டார்.

தூக்க முடியும் என்பது எழுபத்து மூன்றாம் வருஷம் தெரிந்தது. மூத்தவள் தங்கபுஷ்பத்துக்கு நாலு வயது முடிந்திருந்தது. இளையவன் அய்யாதுரை, வீட்டில் துரை, அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். இதுவரை இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த சுந்தரவல்லியின் தங்கைக்கு வைகாசியில் கல்யாணமாகி அவள் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். சுந்தரவல்லி லீவை நீட்ட முடிந்த மட்டும் நீட்டியாகிவிட்டது. ஹெட்மாஸ்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வர வேண்டும், வந்தபிறகு ஒழுங்காகத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது.

சுந்தரவல்லிக்கு அந்த வேலை வேண்டும். கல்விச் சேவை என்றெல்லாம் அவள் பேசுவதில்லை. மாணிக்கவாசகத்தின் வீட்டில் ஒரு முழு நாள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாய்ப்பாடு கத்துகிற வகுப்பறை எவ்வளவு அமைதியான இடம் என்பது புரியும்.

கூட வேலை பார்க்கிற ஐவி டீச்சர் தன் மாதாகோயில் பங்கிலிருந்து ஒரு அம்மாளைச் சொல்லி அனுப்பினாள். பெயர் அல்போன்சா. சாந்தோம் கடற்கரை ஓரம் வீடு. கச்சேரி ரோட்டில் ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரை வளர்த்து ஆளாக்கினவள். கனத்த உடம்பு, கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் மூக்குப்பொடி டப்பி. அவளை வீட்டில் வைத்துப் பார்க்க மாணிக்கவாசகம் சம்மதிக்கவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிற இடம் கடைதான் என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு விசாரித்தார். சுந்தரவல்லியும் துரையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள்.

"எந்த ஊரு?"

"சாந்தோம் சார்."

"அது இருக்கட்டும். சொந்த ஊரு?"

"அதான் சார், சாந்தோம்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு மின்னாடி எங்கம்மா வயித்துல இருந்தேன். அதுவும் சாந்தோம்தான்."

தங்கவேலு பின்னால் நின்று சிரித்ததை இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

மாணிக்கவாசகத்துக்கு ஊர் இல்லாத ஒரு பிறவியை எப்படி எடைபோடுவது என்று தெரியவில்லை. அவருடைய கடையில் இருந்த அத்தனை பேரும் யாருடைய மகன், எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பம், ஓடினால் எந்த வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம் என்ற விவரத்தோடு வந்தவர்கள்.

"உனக்கு யாரு ஜாமீன்?"

"மாதா."

"எந்த மாதா? எந்தத் தெரு?"

"லஸ்ஸாண்ட கோயில் கீதே, அந்த மாதா."

"அவங்க வந்து சொல்லுவாங்களா?"

"கேட்டுப் பாருங்க சார். நான் கேட்டா எனுக்கு இதுவரிக்கும் எதுவும் சொன்னதில்ல. ஒருவேள மொதலாளிக்குச் சொல்லுவாங்களோ இன்னாவோ."

சுந்தரவல்லி அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டாள். காரணம் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருக்கமாட்டாள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே துரை தரையில் கிடந்த ஒரு திருகாணியை வாயருகே கொண்டுபோக, அல்போன்சா முதலாளிக்குப் பதில் சொல்வதை நிறுத்தாமல் குனிந்து, அதைப் பிடுங்கிக் கல்லா மேல் வைத்துவிட்டு, பதிலை முடித்தாள். மாணிக்கவாசகம் திருகாணியை எடுத்து மேஜைக்குள் போட்டுக்கொண்டார். அதைத் தவிர அவர் எதையும் கவனிக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்துவிட்டதால் வேறு வழியில்லாமல், "இப்போதைக்கு" என்ற நிபந்தனையில் அல்போன்சா வந்து சேர்ந்தாள். அந்த வாரமே மாணிக்கவாசகம் ஊருக்குக் கடிதம் போட்டார். தூரத்து உறவில், பிள்ளைகளுக்கு அத்தை முறையாக, இசக்கியம்மாள் என்று ஒருத்தி, புருஷன் இல்லாதவள், பெட்டியோடு வந்து இறங்கினாள். சமையலுக்கு என்று சுந்தரவல்லிக்குச் சொல்லப்பட்டது. இசக்கியம்மாளுக்குப் பின்கட்டில் வேறு சொல்லப்பட்டது.

"உன்னை நம்பித்தான் கூட்டியாந்துருக்கேன். அந்த ஆயா மேல ஒரு கண்ணு வையி."

"அத எங்கிட்ட விடுங்க அண்ணாச்சி. அவ மூச்சு விட்டா எனக்குத் தெரியாம விடமாட்டா."

அடுத்த நாள் அல்போன்சாவிடமும் அவர் போனார். ஒரு பக்கம் மட்டும் கண் வைப்பது அவருடைய நியாய உணர்வுக்கு ஒத்துவரவில்லை. "இசக்கி புதுசா வந்துருக்கா. ஊருக்காரிதான், ஆனாலும் நீ கொஞ்சம் கவனிச்சிக்கோ. என்ன எடுக்கா, என்ன வைக்கா..."

"எனுக்கு ரெண்டு கொயந்தங்களப் பாக்கவே கண்ணு பத்தல சார். மூணாவதா அவங்களையும் பாக்கணும்னா அதுக்கு வேற ஆளப் போடுங்க."

இது மாணிக்கவாசகத்துக்கு மிகவும் சந்தேகத்துக்குரிய பதிலாகப் பட்டது. காட்டிக்கொடுக்க மறுக்கிறவளிடம் மறைக்க ஏதோ இருக்கிறது. ஆகவே ஆயாவுக்கும் இசக்கிக்கும் அடுத்து, மூன்றாவது காவலாகத் தன் மகளை நியமித்தார்.

சாயங்காலம் கடையிலிருந்து அரை மணி நேரம் வீட்டுக்கு வந்து போகிற வழக்கம் அவருக்கு உண்டு. புஷ்பத்தை மடியில் உட்கார வைத்துக்கொள்வார். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும்.

"இன்னைக்கு ஆயா என்ன செய்தா?"

முதல் சில நாள் புஷ்பம் உள்ளதைச் சொன்னாள். "ஆயா தும்முச்சு." "அப்புறம்?" "திரும்பத் தும்முச்சு." டப்பா திறக்கவில்லை. "தம்பிக்குச் சாதம் ஊட்டுச்சு." திறக்கவில்லை. "அத்தையும் ஆயாவும் சண்டை போட்டாங்க." டப்பா திறந்து ஒரு மிட்டாய் வெளியே வந்தது.

அவள் வியாபாரியின் மகள். எந்தச் சரக்கு விலை போகிறது, எது போகவில்லை என்பது ஒரு வாரத்துக்குள் பிடிபட்டுவிட்டது. ஆயா தம்பியைக் கிள்ளினாள் என்று ஒருநாள். ஆயா தம்பியின் பாலைக் குடித்துவிட்டாள் என்று இன்னொரு நாள். அன்றைக்கு இரண்டு மிட்டாய். மாணிக்கவாசகம் கொதித்துப்போய் மனைவியிடம் வந்தார். சுந்தரவல்லி மகளைக் கூப்பிட்டாள்.

"ஆயா எந்த டம்ளர்ல பால் குடிச்சா?"

புஷ்பம் கொஞ்சம் யோசித்தாள். "தங்க டம்ளர்ல."

சுந்தரவல்லி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "விவரம் முன்னப்பின்ன இருக்கலாம். விசயம் சரியா இருக்கும்" என்றார்.

இசக்கியம்மாளும் சும்மா இருக்கவில்லை. "அண்ணாச்சி, அவ பிள்ளைய மடில போட்டுக்கிட்டு ஏதோ முணுமுணுக்கா. நடுவுல மரியே மரியேன்னு வருது. பிள்ளை அப்பமே கண்ணை மூடிருது. என்னமோ மந்திரம் போட்டுக் கட்டுதா" என்று ஒரு செய்தி கொண்டுவந்தாள். அது தாலாட்டுக்காகப் பாடுகிற கோயில் பாட்டு என்று சுந்தரவல்லி சொன்னாள். "சரி, நீங்க ஒரு பாட்டுப் பாடித் தூங்க வையுங்க. நான் ஆயாவை நிறுத்தச் சொல்லிருதேன்." மாணிக்கவாசகத்துக்குத் தெரிந்த பாட்டு ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டினால் பிள்ளை தூங்குகிறது என்பதை அவர் முழுதாக ஏற்கவுமில்லை.

அல்போன்சா மேலும் குற்றம் இல்லாமல் இல்லை. மூக்குப்பொடி போட்ட கையோடு பிள்ளையைத் தூக்குவாள். கேட்காமல் கொள்ளாமல் இரண்டையும் பனகல் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் குழம்பில் புஷ்பத்துக்குப் பிசைந்து கொடுத்து, மிளகாய் ஏறிப் பிள்ளை ஒரு செம்புத் தண்ணீர் குடித்தது. சுந்தரவல்லி இதையெல்லாம் நேரே கேட்பாள். அல்போன்சா, "இனிமே மெளகா கம்மியாப் போட்டாறேன்" என்பாள். அதோடு முடிந்துவிடும். இப்படி முடிந்துபோகிற விஷயங்களில் மாணிக்கவாசகத்துக்கு அக்கறை கிடையாது. முடியாத விஷயங்கள்தாம் அவருக்கு வேண்டும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் மனைவியிடம் நேராகவே சொன்னார். "அவளை அனுப்பிரு. இசக்கி ஒருத்தி போதும்."

"இசக்கி துரையைத் தூக்கி நான் ஒருநாள்கூடப் பாத்ததில்லை."

"அவ காவலுக்கு வந்தவ. தூக்கவா வந்தா?"

"அப்ப யாரு தூக்கறது? நான் வேலையை விட்டுருதேன், சொல்லுங்க. கல்யாண வீட்ல பக்கத்து இலைக்காரன்கிட்ட வேற ஏதாவது சொல்லிக்கிடுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவரைத் தடுத்து நிறுத்தியது. வேலையும் போகக்கூடாது, ஆயாவும் இருக்கக்கூடாது என்றால், ஆயாவைக் கையும் களவுமாகப் பிடித்து மனைவியின் கண் முன்னால் நிறுத்துவது ஒன்றுதான் வழி. அதற்கு இன்னொருவருடைய கண்ணை நம்பிப் பயனில்லை. நாலாவது காவலாக அவரே இறங்கினார்.

வீட்டின் பின்னால் ஒரு முற்றம். அதில் குழாய், துவைக்கிற கல், அதை ஒட்டினாற்போல் தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய எவர்சில்வர் அண்டா. கடையிலேயே பெரியது எதுவோ அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். மொட்டை மாடிக்குப் போகிற படியும் முற்றத்திலிருந்தே ஏறுகிறது. படிக்கு எதிரே சாமான் அறை. அரிசி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த வருஷம் அது. ஊரிலிருந்து வந்த இரண்டு மூட்டை அந்த அறையில் இருந்தது. எப்போதும் வெளியே தாழ் போட்டிருக்க வேண்டும் என்பது வீட்டின் முதல் சட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பின்சந்துக் கதவு வழியாகச் சத்தமில்லாமல் வந்தார். முற்றத்தில் புஷ்பம் மட்டும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வாயில் விரலை வைத்துக் காட்டி, கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாயைத் திணித்துவிட்டு, சாமான் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு விரற்கடை இடுக்கு. ஒரு கண் வைக்கத் தாராளம்.

முதலில் வந்தவள் இசக்கியம்மாள். தாழ் திறந்து கிடப்பதைப் பார்த்ததும், "இவளுக ஒருத்திக்காவது புத்தி இருக்கா" என்று சொல்லிக்கொண்டே இழுத்துத் தாழைப் போட்டுவிட்டுப் போனாள். உள்ளே இருந்தவருக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. ஆனால் கூப்பிட்டால் காரியம் கெட்டுவிடும். தவிரவும், சட்டத்தை எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறாள். அவள் பெயருக்கு நேரே மனசுக்குள் ஒரு நல்ல குறி போட்டுக்கொண்டார்.

பிறகு அல்போன்சா துரையோடு வந்தாள். பாயை விரித்து அவனை உட்கார வைத்து, ஒரு மூடியையும் கரண்டியையும் கையில் கொடுத்தாள். அவன் தட்டினான். அவள் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இதில் பிடிக்க எதுவுமில்லை. அரிசிமூட்டையின் தூசு மாணிக்கவாசகத்தின் மூக்கில் ஏறியது. தும்மலை அடக்கிக்கொண்டார்.

வானம் திடீரென்று கறுத்துப் பெரிய பெரிய தூறலாக விழுந்தது. அல்போன்சா மேலே பார்த்தாள். "ஐயையோ, துணி! இசக்கிம்மா, கொயந்தையாண்ட கொஞ்சம் இரு. இதோ எடுத்தாந்துர்றேன்."

"போ, போ. நான் இருக்கேன்" என்றாள் இசக்கியம்மாள், அடுக்களை வாசலில் நின்று.

அல்போன்சா படியேறினாள். இசக்கியம்மாள் அவள் முதுகையே பார்த்தாள். பக்கத்து வீட்டு மொட்டை மாடியும் இந்த மாடியும் ஒட்டினாற்போல் இருக்கும். கைநீட்டினால் எதையும் அந்தப் பக்கம் கொடுத்துவிடலாம். மழை என்றதும் இவ்வளவு அவசரம் எதற்கு? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை ஊன்றாமல், அவள் பின்னாலேயே படியேறிப் போனாள்.

இருட்டில் நின்ற மாணிக்கவாசகம் தலையை ஆட்டி மெச்சிக்கொண்டார். முறை என்றால் இது முறை.

துரை கரண்டியைப் போட்டுவிட்டான். தவழ்ந்து துவைக்கிற கல்லுக்குப் போனான். கல் தாழ்வானது. வயிற்றால் உந்தி ஏறிவிட்டான். ஏறி, அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, தண்ணீரை ஒரு அடி அடித்தான். முகத்தில் தெறித்தது. சிரித்தான்.

அப்போது அவர் கதவைத் தட்டியிருக்கலாம். கூப்பிட்டிருக்கலாம். இதைப் பின்னால் எவரிடமும் அவர் ஒப்புக்கொண்டதில்லை என்பதால் இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும்: அவர் கூப்பிடவில்லை. இரண்டு பேரில் யார் முதலில் ஓடி வருகிறாள் என்று பார்க்க நினைத்தார். அதைவிட நல்ல சோதனை அமையாது. பிள்ளை நன்றாகத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. துரை இன்னொரு தரம் தண்ணீரை அடித்தான். இன்னும் கொஞ்சம் எட்டினான். அவர் இன்னும் கொஞ்சம் இடுக்கோடு கண்ணை ஒட்டினார்.

பிள்ளையின் கால்கள் மேலே எழும்பின. தலை உள்ளே போனது.

மாணிக்கவாசகம் கதவைத் தள்ளினார். தாழ் போட்ட கதவு. தோளால் மோதினார். அவர் கேட்டுக் கேட்டுச் செய்வித்த நல்ல தேக்குக் கதவு. கத்த வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

"அப்பா! தம்பி! அப்பா!"

கத்தியது புஷ்பம். மிட்டாயைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கல்லில் ஏறித் தம்பியின் ஒரு காலைப் பிடித்து இழுத்தாள். மாடியில் அந்தச் சத்தம் கேட்டு அல்போன்சா துணி மூட்டையோடு திரும்பி ஓடிவந்தாள். படி திரும்புகிற இடத்தில் ஒளிந்து நின்றிருந்த இசக்கியம்மாள் மேல் மோதி, இரண்டு பேருமாக ஈரத்துணிக் குவியலோடு வழுக்கிக் கீழே வந்தார்கள். அல்போன்சா எழுந்த வேகத்திலேயே பிள்ளையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். தண்ணீர் வந்தது. ஒரு விக்கல் வந்தது. பிறகு தெருவே அதிரும்படி துரை அழுதான்.

அந்த அழுகையோடு சாமான் அறைக் கதவும் தடதடவென்று இடித்தது.

"கள்ளன்!" என்று அலறினாள் இசக்கியம்மாள். "அரிசிக் கள்ளன்! உள்ள இருக்கான்!"

"அத்தே, அது அப்பா" என்றாள் புஷ்பம். யாரும் கேட்கவில்லை. இசக்கியம்மாள் உலக்கையோடு நின்றாள். பக்கத்து வீட்டு ஸ்ரீனிவாசராகவன் கைத்தடியோடு பின்சந்து வழியாக வந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். தாழை நீக்கினார்கள். தலையில் ஒட்டடையும் மூக்கில் மாவுமாக வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

ஸ்ரீனிவாசராகவன் கைத்தடியை இறக்கினார். "என்ன ஓய் இது? உம்ம ஆத்துல நீரே எதுக்கு ஒளிஞ்சிண்டிருக்கேர்?"

மாணிக்கவாசகம் தலை ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு சுந்தரவல்லி உள்ளே வந்தாள். அல்போன்சா தோளில் நனைந்து கிடந்த பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நெற்றியில் நெல்லிக்காய் அளவு புடைத்திருந்தது. வந்தவர்களை அனுப்பிவைத்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் உடைந்த சிலேட்டைப் பற்றி விசாரிக்கிற குரலில் ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"பிள்ளைகூட யாரு இருந்தது?"

"இவங்கள இருக்கச் சொல்லிட்டுதான் மாடிக்குப் போனேம்மா" என்றாள் அல்போன்சா. "ஆனா சொல்லிட்டுப் போனது என் தப்புதான். தூக்கிக்கினு போயிருக்கணும்."

"நீ எங்க போன இசக்கி?"

"இவ பின்னால. அண்ணாச்சிதான் இவளை விடாதேன்னு சொல்லிருந்தாவ."

"நீங்க?"

மாணிக்கவாசகம் தொண்டையைச் செருமினார். "நான் எப்படிப் பாக்க? உள்ள ஒரே இருட்டு. கதவு வேற தாழ் போட்டுருந்தது."

புஷ்பம் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. டப்பாவும் யார் கையிலும் இல்லை. "அப்பா ஓட்டை வழியாப் பாத்தாங்கம்மா. தம்பி கல்லுல ஏறுனப்பயும் பாத்தாங்க. தண்ணிய அடிச்சப்பயும் பாத்தாங்க. எனக்கு அப்பா கண்ணு தெரிஞ்சது."

"சின்னப் பிள்ளை சொல்றதை எல்லாம்..." என்று ஆரம்பித்தார் மாணிக்கவாசகம். இரண்டு மாதமாக அந்தச் சின்னப் பிள்ளை சொல்லித்தான் அவர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார் என்பது நடுவழியில் நினைவுக்கு வந்து நின்றுவிட்டார்.

அல்போன்சா ஈரத்துணியைப் பிழிந்து கூடத்துக் கொடியில் போட்டுவிட்டு டப்பியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "டீச்சரம்மா, இந்த வூட்ல எனுக்கு இனிமே வேல வாணாம். கொயந்தையப் பாக்கற கண்ண வுட்டு மீதி எல்லாக் கண்ணும் இங்க கீது. எனுக்கு ஆவாது."

சுந்தரவல்லிக்கு லீவு ஒருநாள்கூட மிச்சமில்லை. திங்கட்கிழமை வகுப்புக்குப் போகாவிட்டால் காத்திருக்கிற ஆள் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"போகாதேன்னு நான் சொல்லலை. நீயே ஒரு வழி சொல்லிட்டுப் போ."

அல்போன்சா வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஒன்னியப் பாத்தாத்தான் பாவமாக் கீது. வேணும்னா ரெண்டையும் எங்க வூட்டாண்ட கொணாந்து வுடு. ஒன் இஸ்கூலுக்குப் பக்கந்தானே. சாயங்காலம் வந்து இட்டுக்கினு போ. ஆனா எங்க வூடு சின்னது. எட்டிப் பாக்க வர்றவங்களுக்கு எடம் கெடையாது."

மாணிக்கவாசகம் பொறுக்கமுடியாமல் எழுந்தார். "சாந்தோம்லயா? அங்க நமக்கு யாரைத் தெரியும்? யாரு பாக்கா, என்ன செய்யுதா, யாரு வந்து சொல்லுவா? ஒரு ஜாமீன் வேண்டாமா?"

"ரெண்டு மாசமா ரெண்டு பேரை விட்டு அவளை வேவு பாத்தீங்க" என்றாள் சுந்தரவல்லி. "கடைசில நீங்களே மூணாவதா போய் நின்னீங்க. மூணு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சது மூக்குப்பொடி. இதுக்கு மேல என்ன ஜாமீன்?"

"எதுக்கும் ஒரு வாரம் யோசிச்சு..."

"தலை தண்ணிக்குள்ள போறவரைக்கும் யோசிச்சீங்களே, அது போதும்."

அதற்கு மேல் அவள் குரலை உயர்த்தவுமில்லை, இறக்கவுமில்லை. திங்கட்கிழமை காலை துரையை இடுப்பிலும் புஷ்பத்தைக் கையிலுமாக பஸ் ஏறிவிட்டாள். அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. சாந்தோமில் இறங்கிப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பும்போது, ஒருதரம் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகலாமா என்று கால் தயங்கியது. தயங்கினது தன் கால்தானா, அவருடையதா என்று யோசித்துப் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்கு நடந்தாள்.

இசக்கியம்மாளைச் சுந்தரவல்லி ஊருக்கு அனுப்பச் சொன்னாள். மாணிக்கவாசகத்துக்கு மனம் வரவில்லை. அவ்வளவு விசுவாசத்தை வீணாக்குவதா? பெண்களுக்குச் சாமான் எடுத்துக் காட்ட என்று சொல்லிக் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டார். எல்லோர் மேலும் ஒரு பொதுவான கண் வைக்க ஆள் இல்லாதது ஒரு குறையாக இருந்தது, இப்போது நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் நுழைகிறவர்கள் நிற்கக்கூட இல்லை.

அந்த முதல் வார முடிவில் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது புஷ்பம் முற்றத்தில் தனியாக இருந்தாள். சுந்தரவல்லி உள்ளே துரைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மகளை மடியில் வைத்துக்கொண்டார். டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தே வைத்தார். எப்போதும் அப்படித் திறந்து வைப்பதில்லை.

"ஆயா வீட்ல இன்னைக்கு என்ன நடந்தது? பயப்படாம அப்பாகிட்ட சொல்லு."

புஷ்பம் டப்பாவைப் பார்த்தாள். கடலோரத்தில் கிளிஞ்சல் பொறுக்கிய கை, நகத்தில் இன்னும் மணல் இருந்தது. உண்மையாகவே யோசித்தாள்.

"ஒண்ணும் நடக்கலப்பா."

"ஒண்ணுமேயா? நல்லா நெனச்சுப் பாரு. ஆயா என்ன செய்தா?"

"சும்மா இருந்துச்சு."

"அடிச்சாளா? வெளிய போனாளா? யாரும் வந்தாங்களா?"

"இல்ல. ஒண்ணும் நடக்கல."

பிள்ளையைப் பிறரிடம் விட்டுவிட்டு வருகிற எந்தத் தகப்பனும் நாள் முழுக்கக் கேட்கக் காத்திருக்கிற வார்த்தை அது. மாணிக்கவாசகம் கொடுப்பதற்காக ஒரு மிட்டாயை எடுத்து, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். சொல்ல எதுவுமில்லை என்கிறவர்களைப் பற்றி அவருக்கு இருபது வருஷ அனுபவம் உண்டு.

'இவளையும் அவ கைக்குள்ள போட்டுக்கிட்டா' என்று முடிவு செய்தார். மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டு, எடுத்த மிட்டாயைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவை மூடினார்.